படம் மோசமா வரணும்

சலவை மெஷினைத் திறந்த மருமகள் போட்ட சத்தத்தில் வீடே கூடிவிட்டது.

"ஐயய்யோ... இங்க வந்து பாருங்களேன்! யாராவது வந்து பாருங்களேன்!"

மகன் பல் தேய்த்த வாயோடு ஓடி வந்தான். மெஷினுக்குள் அவனுடைய ஆபீஸ் சட்டைகள் எல்லாம் ரோஸும் நீலமுமாகத் திட்டுத்திட்டாய்ச் சாயமேறிக் கிடந்தன. நடுவே கடைப் பை ஒன்று. பையிலிருந்து பிதுங்கி வந்த மாத்திரை அட்டைகள், கரைந்தது போக மிச்சமாய்த் துணியில் ஒட்டிக்கொண்டிருந்த கேப்ஸ்யூல்கள், களிம்பாகிப் போன ஏதோ ஒரு பவுடர். மருந்து வாடை மூக்கைத் துளைத்தது.

எல்லோரும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வீட்டில் எது தொலைந்தாலும், எது உடைந்தாலும், எது கருகினாலும் திரும்பிப் பார்ப்பதற்கென்றே ஒரு பக்கம் இருந்தது. அங்கே, சமையலறை வாசலில், ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு அம்மா நின்றிருந்தாள்.

"நான்தான்" என்றாள். "அழுக்குத் துணின்னு நெனச்சு பையோட சேர்த்துப் போட்டுட்டேன்... கவனிக்கலைப்பா."

பொய்! அப்பட்டமான பொய். விடிந்ததும் விடியாததுமாக அந்தப் பையைக் கொண்டுவந்து, அலமாரியில் அடுக்குவது போலப் பதவிசாக உள்ளே வைத்து, கதவைச் சாத்தி, பொத்தானையும் அமுக்கிவிட்டுப் போனவர் அவள் புருஷன். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அதை இறக்கிவிட்டு அவள் ஓடி வருவதற்குள் மெஷின் கதவு பூட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டது. மாத்திரைகள் கண்ணாடிக்குள் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றாளே தவிர, அவளால் என்ன செய்ய முடியும்?

செய்தவரோ வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் முந்திக் கத்தினார்.

"ஏண்டி, உன் புத்தி எங்கடி மேயுது? கடைக்குப் போக வேண்டிய சரக்கை வெளுத்துக் காயப்போடலாம்னு பாத்தியா?"

அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே அவள்தான் செய்தாள் என்று நம்பினார். அதுதான் கொடுமை.

"விடுங்கப்பா" என்றான் மகன், நுரையைத் துப்பிவிட்டு. "இன்னிக்குத்தான் ஸ்கேன் இருக்குல்ல... இவங்க தலைக்குள்ள என்னதான் நடக்குதுன்னு தெரிஞ்சிடும்."

இவங்களாம்! பெற்ற தாயைப் பக்கத்து வீட்டுக்காரி மாதிரி 'இவங்க' என்றான். அவள் குனிந்து, சாயமேறிய சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் போட்டாள்.

அவளுடைய புருஷனுக்கு ஊரில் 'கம்ப்யூட்டர்' என்று பெயர். மருந்துக்கடை வைத்திருந்தார். போர்டில் வேறு ஏதோ எழுதியிருக்கும், யாரும் படித்ததில்லை. 'கம்ப்யூட்டர் கடைக்குப் போய் வாங்கிட்டு வா' என்பார்கள். யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பிரஷர், யார் வீட்டுக் குழந்தைக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எதையுமே அவர் எழுதி வைத்துக்கொண்டதில்லை. ஆளைப் பார்த்ததும் கை தானாக அட்டையை எடுக்கும். "உங்க டாக்டருக்கே மறந்துபோகும், எனக்கு மறக்காது" என்று மீசையைத் தடவிக்கொள்வார். அந்தப் பெருமையில்தான் மனுஷர் உயிர் வாழ்ந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

ஒருநாள் அந்தக் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. வருஷக்கணக்காக வாங்கும் ஒருவர் எதிரில் நிற்கிறார், இவருக்கு எந்த அட்டை என்று தெரியவில்லை. ஏதோ சாக்குச் சொல்லி அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தவர், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாருகிட்டயும் சொல்லிடாதே... பையனுக்குக்கூடத் தெரியக்கூடாது. கம்ப்யூட்டருக்குக் கழண்டு போச்சுன்னு நாலு பேர் சிரிச்சா, நான் அன்னிக்கே செத்துப் போயிடுவேன். சத்தியம் பண்ணு!"

பண்ணினாள். கொஞ்ச நாளில் அவருக்கு அழுததும் மறந்துபோயிற்று, சத்தியம் வாங்கியதும் மறந்துபோயிற்று. சத்தியம் செய்தவளுக்கு மட்டும் மறக்கவில்லை.

'வீட்ல பொழுது போகலை' என்று சொல்லிக்கொண்டு கடைக்குப் போய் அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார ஆரம்பித்தாள். அவர் எடுத்த அட்டையை வாங்கிக் கவரில் போடுகிற சாக்கில் டாக்டர் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பாள். தப்பாக இருந்தால் சத்தம் போடாமல் மாற்றி வைப்பாள். வீட்டில் கேஸ் திறந்து கிடந்தால் 'நான்தான்'. குழாய் ஓடிக்கொண்டிருந்தால் 'நான்தான்'. மகன் முதலில் சிரித்தான், அப்புறம் சலித்துக்கொண்டான், அப்புறம் கத்த ஆரம்பித்தான்.

அதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது ஒன்றுதான். எதிர்ச் சாரியில் இருக்கிற அடுக்குமாடி வீட்டின் வாட்ச்மேன் பிரஷர் மாத்திரை வாங்க வந்த நேரம், அவள் சரக்கு இறக்குவதைப் பார்க்கப் பின்பக்கம் போயிருந்தாள். அவ்வளவுதான்... கண் மூடித் திறக்கிற நேரம்! சர்க்கரைக்கான மாத்திரை வாட்ச்மேன் கைக்குப் போய்விட்டது. சாயங்காலம் கேட் ஓரத்திலேயே சுருண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பிழைக்க வைத்தார்கள்.

"எடுத்துக் குடுத்தது நான்தான்" என்று அதையும் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

மகன் அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று அந்தக் கேட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான். வாட்ச்மேனின் மனைவி, மாடிக்காரர்கள், தெருவில் போனவர்கள், எல்லோர் முன்னாலும், "எங்கம்மாவுக்குப் புத்தி சரியில்லை, மன்னிச்சிடுங்க. இனிமே இவங்க கடைப் பக்கமே வர மாட்டாங்க" என்றான். வாட்ச்மேனின் மனைவி அவளை ஒரு பார்வை பார்த்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போல இருந்தது. மகன் சொன்னதற்காக அல்ல. 'கடவுளே, நான் பின்பக்கம் போகாமல் இருந்திருக்கலாமே... இல்லை, முன்னாலேயே உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாமே! புருஷன் மானத்தைக் காப்பாத்துறேன்னு ஊரான் உயிரோட விளையாடுறேனே!' அந்த வெட்கம் அவளை உள்ளுக்குள் அரித்துத் தின்றது.

அன்றிலிருந்து அவளுக்குக் கடை வாசலை மிதிக்க அனுமதி இல்லை. இப்போது அவர் அங்கே தனியாக நிற்கிறார். ஒவ்வொரு நிமிஷமும் யார் கைக்கு எந்த மாத்திரை போகிறதோ என்று இவள் வீட்டில் நெருப்பில் நிற்கிறாள். சொன்னால் அவர் போய்விடுவார். சொல்லாவிட்டால் இன்னொருத்தர் போய்விடுவாரோ... இந்த இழுபறியில்தான், மகன் அவளை டாக்டரிடம் காட்டி ஏற்பாடு செய்திருந்த ஸ்கேன் நாளும் வந்து சேர்ந்தது.

ஸ்கேன் எடுக்கிற பெண்ணுக்கு அவளுடைய மகள் வயதுதான் இருக்கும், மகள் ஒருத்தி இருந்திருந்தால். வெளிச்சம் குறைந்த ஒரு சின்ன அறையில், சாய்வு நாற்காலியில் அவளைப் படுக்க வைத்து, கையில் ஊசியைக் குத்திப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினாள்.

"வலிச்சிதாம்மா? இனிமே வலிக்காது. மருந்தை இப்பவே ஏத்த மாட்டேன். கொஞ்ச நேரம் சும்மா படுத்திருங்க. நீங்க நல்லா அமைதியானதும், உங்களுக்கே தெரியாம இந்தக் குழாய் வழியா மருந்து உள்ள போயிடும்."

"அந்த மருந்து என்னம்மா பண்ணும்?"

"மூளையில எங்கெங்க ரத்தம் நல்லா ஓடுதோ அங்கெல்லாம் போய் ஒட்டிக்கும். எங்க ரத்தம் சரியாப் போகலையோ அந்த இடம் படத்துல மங்கலாத் தெரியும். மறதி வியாதி இருந்தா சில இடங்கள்ல அப்படி மங்கிப் போயிருக்கும். ஆனா ஒண்ணு... மருந்து உள்ள போற அந்த நேரத்துல மூளை எப்படி இருந்துச்சோ, அதுதான் ஒட்டும். படம் அப்புறமா எடுத்தாலும் அந்த நேரத்துப் படம்தான் வரும். அதனாலதான் இருட்டு, அமைதி எல்லாம். பேசாதீங்க, கையை ஆட்டாதீங்க, எதையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. சரியா?"

பெண் கதவருகில் போய் நின்றாள். அறையில் சத்தமே இல்லை. அந்த அமைதிதான் அம்மாவைப் பிடித்துத் தின்றது. 'படம் எடுப்பாங்க. நல்லா இருக்குன்னு வந்துடும். எனக்கு ஒண்ணுமில்லைன்னு டாக்டர் சொல்லிடுவார். அப்போ யாரு செஞ்சதுன்னு தேடுவாங்க... அந்த வீட்ல தேடுறதுக்கு வேற யார் இருக்கா?'

"கண்ணு..." என்று மெதுவாகக் கூப்பிட்டாள்.

"பேசக்கூடாதும்மா."

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். படம் மோசமா வரணும்னா நான் என்ன பண்ணணும்?"

அந்தப் பெண் தன் வேலையில் எத்தனையோ பேரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருப்பாள். 'நல்லா வரணும்னு வேண்டிக்குங்க' என்று கையைப் பிடித்து அழுதவர்களைப் பார்த்திருப்பாள். மோசமாக வர வழி கேட்டு ஒருத்தி வந்தது இதுதான் முதல் தடவை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னம்மா சொல்றீங்க?"

"நல்லா வந்துச்சுன்னா எங்க வீட்டுக்காரர் மாட்டிக்குவாரும்மா! எனக்கு வியாதின்னு எழுதிக் குடுத்துட்டாப் போதும். மூச்சை அடக்கினா மங்கலா வருமா? இல்ல, எதையாவது நெனச்சுக்கிட்டா..."

சொல்லிவிட்டுத்தான் என்ன சொல்லித் தொலைத்தோம் என்று உறைத்தது. இத்தனை காலம் பெற்ற பிள்ளையிடம்கூடத் திறக்காத வாய், முன்பின் தெரியாத பெண்ணிடம் திறந்துவிட்டது. அதற்கு மேல் அணை நிற்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அது நம்ம கையில இல்லைம்மா" என்றாள் அந்தப் பெண், தணிந்த குரலில். "மூச்சை அடக்கினாலும் சரி, கணக்குப் போட்டாலும் சரி... இருக்குறதுதான் வரும். நீங்க முதல்ல அழுது முடிங்க. அதுக்கப்புறம்தான் நான் மருந்து ஏத்துவேன்."

"டாக்டர்கிட்ட சொல்லிடாதே தாயி. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

பெண் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. டிஷ்யூவை எடுத்துக் கண்ணைத் துடைத்துவிட்டாள். ரொம்ப நேரம் கழித்து, அவள் மூச்சு சீரானதும், சத்தமில்லாமல் மருந்தை ஏற்றினாள். அதன் பிறகு பெரிய அறைக்குக் கூட்டிப்போய்ப் படுக்க வைத்தார்கள். தலையைச் சுற்றிப் படமெடுக்கும் கேமரா மெல்ல மெல்ல வலம் வந்தது. 'பாவி மெஷினே, எதையும் காட்டிக் குடுத்துடாதே' என்று அதனிடம் கெஞ்சிக்கொண்டே அவள் அசையாமல் கிடந்தாள்.

சாயங்காலம் டாக்டரின் அறை. மகன் ஒரு பக்கம், மருமகள் ஒரு பக்கம், நடுவில் குற்றவாளி மாதிரி அம்மா. ஸ்கேன் எடுத்த பெண் ஓரமாக நின்றிருந்தாள். டாக்டர் திரையைத் திருப்பி வைத்தார்.

"இது இன்னொருத்தர் படம். இங்க பாருங்க, காதுக்கு மேல, பின்பக்கம், ரெண்டு பக்கமும் நிறம் மங்கிப் போயிருக்கா? இது மறதி வியாதியில வர்ற மாதிரி. இப்ப உங்க அம்மாவோடது." திரை முழுக்க மஞ்சளும் சிவப்புமாகப் பளிச்சென்று விரிந்தது. "எங்கயாவது மங்கியிருக்கா? ரத்த ஓட்டம் அருமையா இருக்கு. படத்தை மட்டும் வெச்சு நான் முடிவு பண்ணலை. போன தடவை கேள்வி கேட்டேனே, அதுவே எனக்கு உதைச்சுது. மறதி இருக்குறவங்க பாதி தப்பாச் சொல்வாங்க, பாதி சரியாச் சொல்வாங்க. உங்கம்மா என்னடான்னா, என்ன கிழமைன்னு கேட்டாலும் தப்பு, இது காலையா சாயங்காலமான்னு கேட்டாலும் தப்பு. தவறிப்போய்க்கூட ஒண்ணு சரியாச் சொல்லலை! அப்புறம் வெளிய போகும்போது, 'போனை நாற்காலியில விட்டுட்டியேம்மா'ன்னு உங்க மனைவிக்கு எடுத்துக் குடுக்கறாங்க."

மகன் முகத்தில் முதலில் நிம்மதி வந்தது. வந்த வேகத்தில் அது மாறிப்போயிற்று.

"அப்படின்னா... உனக்கு ஒண்ணுமே இல்லையா?" நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "எல்லாம் தெரிஞ்சேதான் பண்ணினியா? கேஸைத் திறந்து விட்டது, சட்டையை நாசம் பண்ணினது, எல்லாம் வேணும்னேவா? எங்க மேல அப்படி என்னம்மா வஞ்சம் உனக்கு? சரி, எங்களை விடு... அந்த வாட்ச்மேன் என்ன பாவம் பண்ணினார்? தெரிஞ்சே மாத்திரையை மாத்திக் குடுத்தியா? சொல்லு! நீயெல்லாம் ஒரு மனுஷியா?"

பைத்தியம் என்றபோதுகூட அவளுக்கு இவ்வளவு வலிக்கவில்லை. கொலைகாரி என்று மகன் வாய்விட்டுச் சொல்லாத குறைதான்! கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. ஆனாலும் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். சத்தியம் சத்தியம்தான்.

"வேணாங்க... திட்டாதீங்க" என்று ஒரு குரல் வந்தது. மருமகள்.

"நீ சும்மா இரு!"

"இல்லைங்க. நான் சும்மா இருந்ததுதான் தப்பு." மருமகளின் முகத்தில் ஈயாடவில்லை. "அன்னிக்குக் கேஸ் திறந்து கிடந்துச்சே... அந்த நேரம் பூரா அத்தை என்கூட மாடியில துணி மடிச்சுக்கிட்டு இருந்தாங்க. கீழ இறங்கவே இல்லை. 'நான்தான்'னு சொன்னப்போ எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கேக்கணும்னு நெனச்சேன். நீங்க கத்தின கத்துல, எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன். அத்தைதான்னு இருந்தா நமக்கும் வசதியாத்தானே இருந்துச்சு... எனக்கு அசிங்கமா இருக்குங்க. என்னை நெனச்சா எனக்கே அசிங்கமா இருக்கு."

மகன் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். டாக்டர், ஓரமாக நின்ற பெண்ணை ஒரு தடவை பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு டாக்டர் அம்மாவின் பக்கம் திரும்பி, ரொம்ப சாதாரணமாகக் கேட்டார்.

"ஏம்மா, இப்ப கடையில யார் இருக்காங்க?"

அவ்வளவுதான். வேறெதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியில் அவளுக்கு அந்தக் கடை கண்முன் வந்துவிட்டது. சாயங்காலக் கூட்டம், நீட்டிய கைகள், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் பெண்கள்... அந்தரத்தில் நிற்கும் அவர் கை.

"கடையை மூடச் சொல்லுங்க!" வீறிட்டுக்கொண்டே எழுந்துவிட்டாள். "டேய்... போன் பண்ணுடா! யாருக்கும் எதையும் குடுக்க வேணாம்னு சொல்லுடா! உங்கப்பாவுக்கு முடியலைடா... அவருக்கு எதுவுமே ஞாபகம் இல்லைடா! எல்லாம் அவர்தான்... ஐயோ, சொல்லிட்டேனே! என் வாயாலயே சொல்லிட்டேனே!"

மகன் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டான்.

காரில் மருமகள் கடைக்குப் போன் போட்டுக்கொண்டே வந்தாள். யாரும் எடுக்கவில்லை. மகன் ஹாரனை அடித்துக்கொண்டே வண்டியை விரட்டினான்.

கடை வாசலில் கூட்டம். 'முடிந்தது, யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது' என்றே அம்மா நினைத்தாள். விலக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். கவுண்ட்டர் மேல் இழுப்பறைகள் எல்லாம் உருவப்பட்டுக் கிடந்தன. அதற்குப் பின்னால், வேர்த்து விறுவிறுத்து, கம்ப்யூட்டர் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன சார் இது? எப்ப வந்து கேட்டாலும் 'கொஞ்சம் இருங்க, வந்துடுவா, வந்துடுவா'ன்னே சொல்றாரு!" என்று ஒருவர் மகனிடம் எரிந்து விழுந்தார். "நாலைஞ்சு நாளா இதே கதைதான். ஒரு தலைவலி மாத்திரைகூடக் குடுக்க மாட்டேங்கறாரு. யாரு சார் வரணும்?"

யார் வர வேண்டும்! அந்த மனுஷருக்கு எது மறந்தாலும், அவள் பக்கத்தில் இல்லாமல் கொடுக்கக் கூடாது என்பது மட்டும் எப்படியோ உள்ளே நின்றிருக்கிறது. அவளைப் பார்த்ததும் அவர் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது.

"எங்கடி போயிட்ட? இவ்ளோ நேரமா ஒருத்தி போவா?" என்று கடிந்துகொண்டே, யாருக்கும் தெரியாமல் கவுண்ட்டருக்கு அடியில் கையை விட்டு, ஒரு கசங்கிய மருந்துச் சீட்டை அவள் கைக்குள் திணித்தார். "இது என்னன்னு பாரு. சத்தமாச் சொல்லாதே."

பக்கத்தில் நின்ற மகன் அதைப் பார்த்துவிட்டான். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். கூட்டத்தைக் கும்பிட்டு, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, இன்றைக்கு வேறு கடையில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சி அனுப்பினான். ஷட்டரைப் பாதி இறக்கினான்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். பாதி இறங்கிய ஷட்டரையும், மகனையும், கண் வீங்கிய மருமகளையும் பார்த்தார். கடைசியாக அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்றைய பார்வை இல்லை. கட்டில் ஓரத்தில் அழுத அன்றைய பார்வை.

"சொல்லிட்டியா?"

அவளுக்குத் தலை நிமிரவில்லை. "சொல்லிட்டேங்க. என்னை மன்னிச்சிடுங்க. காப்பாத்த முடியலை..."

கத்துவார் என்று நினைத்தாள். எதையாவது தூக்கி எறிவார் என்று நினைத்தாள். அவர் கொஞ்ச நேரம் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வாட்ச்மேன் விழுந்தாரே... அது நான்தானே?"

பதிலுக்குக் காத்திராமல் அவர் வெள்ளைக் கோட்டைக் கழற்றினார். ஸ்டூல் மேல் வைத்தார். ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே வந்து, விறுவிறுவென்று எதிர்ச் சாரிக்கு நடந்தார். "எங்கங்க போறீங்க?" என்று அவளும், "அப்பா, வண்டி வருது!" என்று மகனும் பின்னாலேயே ஓடினார்கள்.

"ஊரறிய உன்னைத் திட்டினாங்க இல்ல? ஊரறியவே சொல்றேன். விடு என்னை" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

கேட்டில் வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி டீ ஃபிளாஸ்க்கோடு பக்கத்தில் நின்றிருந்தாள். கம்ப்யூட்டர் நேராக அவர்கள் முன் போய் நின்றார். சத்தம் கேட்டு மாடியிலிருந்து இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். வாயைத் திறந்தார்.

வார்த்தை வரவில்லை.

உதடு அசைந்தது. கண் அலைந்தது. வாட்ச்மேனைப் பார்த்தார், அவர் மனைவியைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார். தெருவைக் கடக்கிற நேரத்துக்குள் எல்லாம் நழுவிப் போய்விட்டது. மெல்லத் திரும்பி அவளிடம் கேட்டார்:

"நாம எதுக்கு இங்க வந்தோம்?"

பழக்கம் விடுமா? அவளுக்கு வாய் தானாக வந்துவிட்டது. "ஒண்ணுமில்லைங்க. உடம்பு எப்படி இருக்குன்னு விசாரிச்சுட்டுப் போகலாம்னு..."

"இல்லைம்மா" என்றான் மகன்.

முன்னால் வந்து நின்றான். குரல் உடைந்திருந்தது. மாடியில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினான்.

"அன்னிக்கு மாத்திரையை மாத்திக் குடுத்தது எங்கம்மா இல்லைங்க. எங்கப்பாவுக்கு மறதி வியாதி. அதை வெளிய தெரியாம மூடி வைக்கறதுக்காக அவங்க எல்லாப் பழியையும் தன் மேல போட்டுக்கிட்டாங்க. எனக்கு அது தெரியலை. தெரிஞ்சுக்கணும்னும் தோணலை. இதே இடத்துல, உங்க எல்லார் முன்னாடியும், புத்தி சரியில்லைன்னு சொல்லி இழுத்துக்கிட்டு வந்து நிறுத்தினேன்..."

கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். புருவம் நெரிந்தது.

"யாரை? உங்கம்மாவையா?" என்றார். "எல்லார் முன்னாடியும் வெச்சா திட்டின? எவ்ளோ கொழுப்புடா உனக்கு! அவ உனக்கு என்னடா கெடுதல் பண்ணினா? வாயில்லாப் பூச்சிடா அவ. இத்தனை வருஷத்துல நான் ஒரு வார்த்தை அவளைக் கடுமையாச் சொல்லியிருப்பேனா? கேளுடா மன்னிப்பு. இப்பவே கேளு!"

யாரும் சிரிக்கவில்லை. வாட்ச்மேனின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மகன் தாயின் முன்னால் வந்தான். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை அவனுக்கு. "அம்மா..." என்றான். "என்னை மன்னிச்சிடும்மா. நான் உன்னைக் கொலைகாரி மாதிரி..." என்று அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான். இவ்வளவு பெரிய ஆம்பிளை, நடுத்தெருவில்.

அவள் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். "உன்மேல தப்பில்லைடா. மறைச்சது நான். அதுக்கு நான் கேக்கணும் மன்னிப்பு, இவங்ககிட்ட" என்று வாட்ச்மேனின் மனைவியைப் பார்த்துக் கைகூப்பினாள். அந்தப் பெண் பதறிப்போய்க் கையைப் பிடித்து இறக்கினாள். வாட்ச்மேன் எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார். "உக்காருங்கம்மா" என்றார்.

"சரியாக் கேட்டானா?" என்று கம்ப்யூட்டர் அவளிடம் விசாரித்தார்.

"கேட்டுட்டாங்க" என்றாள்.

"நீ விட்டுட்டியா?"

"விட்டுட்டேன்."

"அப்ப சரி" என்று அவர் மகனை இன்னும் ஒருமுறை முறைத்துப் பார்த்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மருமகள் கடையைப் பூட்டப் போனாள்.